கேட்டுவிட்டு வெட்டு

இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு, மழைக்காலத்தின் நடுவில், கொடியில் போட்ட எதுவும் காயாத ஒரு வாரத்தில்தான் அவர்கள் இருவரும் முதன்முதலாகச் சந்தித்தார்கள். ஒருத்தி மறுநாள் நேர்காணலுக்குப் போக வேண்டியவள். கையில் ஈரம் சொட்டும் ஒரே நல்ல சட்டை. மற்றவர், ஆறு மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், வண்டிகள் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில் இஸ்திரி போடுகிறவர். சட்டையை வாங்கி முறுக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு இஸ்திரி போடணுமா, இல்ல நீச்சல் கத்துக்குடுக்கணுமா?" என்று கேட்டார் அவர். பிறகு சட்டை உலர்ந்து மடிப்பாகும்வரை அரை மணி நேரம் அவர் வாய் மூடவில்லை.

அதற்குப் பிந்தைய நான்காவது கோடையில், ஒரு முற்பகலில், அந்த இஸ்திரிக்கார அக்காவின் கணவர் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் வந்து நின்றார். அக்கா இறந்து பதினேழு நாள்கள் ஆகியிருந்தன. செருப்பைக் கழற்றாமல், உள்ளே வராமல், அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அவ குரல் எங்கயாவது இருக்காம்மா உன்கிட்ட?"

அதைக் கேட்பதற்கு அவருக்கு வேறு ஆள் இல்லை. அக்காவின் பேச்சை மூன்று ஆண்டுகள் நாள்தோறும் கையில் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். அதை நாள்தோறும் வெட்டி எறிந்தவளும் அவளே.

அந்த நேர்காணல், விழாக்களைப் படம் பிடித்துத் தரும் ஒரு கடையில் நடந்தது. வேலை கிடைத்தது. மறுநாள் அதைச் சொல்லப் போனபோது, "என்ன வேலை?" என்று கேட்ட அக்கா, அவள் விளக்கத் தொடங்கியதைப் பாதியிலேயே நிறுத்தினார்.

"எடுத்த படத்துல வேண்டாதத வெட்டுவ. அவ்வளவுதானே? ஆக மொத்தம் வெட்டுக்காரி."

பெயர் ஒட்டிக்கொண்டது. அக்காவின் கணவரும் அப்படித்தான் அழைத்தார். அவரை அவள் மாமா என்றாள்.

அடுத்த ஆண்டு எல்லாக் கதவுகளும் மூடிக்கொண்டன. விழாக்கள் நின்றன, கடை அவளை வீட்டில் இருக்கச் சொன்னது. குடியிருப்பில் எவரும் அலுவலகம் போகவில்லை. மடிப்புக் கலையாத சட்டை எவருக்கும் தேவைப்படவில்லை. மாமா அச்சகம் ஒன்றில் இயந்திரம் ஓட்டியவர். அச்சகம் அதற்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. பொழுது போகாமல் அவர் ஒருநாள், அக்கா வீட்டுப் படுக்கை விரிப்புக்கு இஸ்திரி போடுவதைத் தம் கைபேசியில் படம் பிடித்தார். "தலைகூட வாரல, மூஞ்சிய எடுத்தீங்கன்னா போன்மேல பெட்டிய வெச்சிருவேன்" என்று அக்கா மிரட்டியதால், கைகள் மட்டுமே படத்தில் வந்தன. நீராவி சீறுவது, துணி அடங்குவது, விரிப்பின் நான்கு முனைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து அமர்வது. அதை அவர் இணையத்தில் ஏற்றினார். ஏன் ஏற்றினார் என்று பிற்பாடு கேட்டவர்களுக்கெல்லாம், "சும்மா" என்பதே அவருடைய விடை.

முதல் வாரம் பதினொரு பேர் பார்த்தார்கள். நான்காம் மாதத்தில் நாற்பதாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள்: இந்த ஓசையைக் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது, என் குழந்தை அழுகையை நிறுத்துகிறது, அம்மாவின் மடியில் இருப்பது போல இருக்கிறது. கூடவே ஒருவர் எழுதினார்: அந்த அம்மாள் மட்டும் பேசாமல் இருந்தால் மிகவும் நன்றாக இருக்கும். அதற்குக் கீழே அறுநூறு பேர் ஆமோதித்திருந்தார்கள்.

மாமா அதை உரக்கப் படித்துக் காட்டினார்.

"அவன் வீட்டுக்குப் போயா பேசறேன்? என் அறையில நின்னு நான் பேசறேன். பிடிக்கலைன்னா காதப் பொத்திக்கச் சொல்லுங்க."

"காதால கேக்கத்தான்டி அவங்க வர்றதே."

பேசாமல் இருந்து பார்க்கவும் அக்கா முயன்றார். மாமா வாயில் விரலை வைத்துக்கொண்டு எதிரில் நின்றார். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வாயில் ஒரு மிட்டாயை அடக்கிக்கொள்ளச் சொன்னார்; மிட்டாயோடு சேர்த்துப் பேச்சும் வந்தது. இருபத்திரண்டு வயதில் அந்த மேசைக்குப் பின்னால் நிற்கத் தொடங்கியவர். முப்பது ஆண்டுகளாகக் கையும் வாயும் ஒன்றாகவே ஓடிப் பழகியவை. ஒன்றை நிறுத்தினால் மற்றதும் நின்றது.

அப்போதுதான் மாமா வெட்டுக்காரியைத் தேடி வந்தார். அவள் ஒரு பதிவைக் காதில் மாட்டிக் கேட்டுப் பார்த்துவிட்டு, தொழில் தெரிந்தவளின் நிதானத்தோடு சொன்னாள்:

"அக்கா பேசட்டும் மாமா. பேச்சு விட்டு விட்டுத்தான் வருது, நான் வெட்டிக்கறேன். ஆனா ஃபேன் மட்டும் ஓடக் கூடாது. அது எல்லாச் சத்தத்துக்கும் அடியில விடாம ஓடும். அத எடுத்தா துணிச் சத்தமும் சேந்து போயிடும்."

அன்று முதல், பதிவு நடக்கும்போது அந்த அறையில் மின்விசிறி சுழன்றதில்லை. சன்னல் இல்லாத அறை. கதவையும் சாத்திவிடுவார்கள், வண்டிகளின் ஓசை வராமலிருக்க. அக்கா முதல் கோடையிலேயே முணுமுணுத்தார். "துணிக்கு ஒரு இஸ்திரி, எனக்கு ஒரு இஸ்திரி. துணியும் நானும் ஒண்ணா வேகறோம்" என்றார். அதையும் வெட்டுக்காரி வெட்டினாள்.

அந்த இணையத் தளத்தில், பின்தொடர்கிறவர்கள் விரும்பினால் மாதக் கட்டணம் கட்டி உறுப்பினராகலாம். உறுப்பினர்களுக்கு வாரத்தில் இரண்டு பதிவுகள் கூடுதல். மேலும், அவர்களுடைய பெயர் ஒரு சீட்டில் எழுதப்பட்டு மேசையின் ஓரத்தில் வைக்கப்படும். அந்தப் பெயருக்கென ஒரு கைக்குட்டையை அக்கா தேய்த்து நான்காக மடித்துச் சீட்டின்மேல் வைப்பார். அவ்வளவுதான். அதற்காகவே ஆயிரத்துச் சொச்சம் பேர் மாதந்தோறும் பணம் கட்டினார்கள். துணி வருவது நின்றுபோன வீட்டில் அடுப்பு எரிந்தது அவர்களால்தான். மாமா அவர்களைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

அக்கா தாழ்த்தவில்லை. ஒவ்வொரு சீட்டுக்கும் அவரிடம் ஒரு சொல் இருந்தது. "இந்தாளு மூணாவது மாசமா வர்றான். ஒரே கைக்குட்டை. என்னதான் பண்றான், மூக்கச் சிந்திச் சிந்தித் திருப்பி அனுப்பறானா?" இன்னொன்று: "இந்தப் பொண்ணு பேரு மட்டும் ஒரு முழம் நீளம். சீட்டு பத்தல. பாதிப் பேரு அடுத்த மாசம்." படத்தில் அந்தக் கைகள் கோயில் விளக்கைத் துடைப்பவை போல மெல்ல நகர்ந்தன. பார்த்தவர்கள் அவற்றை அமைதியின் உருவம் என்று எழுதினார்கள். இடது மணிக்கட்டில் இருந்த பழைய சூட்டுத் தழும்புக்குப் பிறை என்று பெயர் வைத்தார்கள். அது எப்படி வந்தது என்று ஊகித்து ஊகித்துப் பக்கம் பக்கமாக எழுதினார்கள்.

அக்கா அதைப் பதிவுகளில் மூன்று முறை சொல்லியிருக்கிறார். முதல் முறை, நாத்தனார் வந்து குறை சொன்ன நாளில் கவனம் பிசகிப் பெட்டி இடறியது. இரண்டாம் முறை, கைக்குழந்தையாக இருந்த மகள் மேசையைப் பிடித்து எழுந்தபோது குறுக்கே கை வைத்தது. மூன்றாம் முறை, "ஒண்ணும் இல்ல, தூங்கிட்டேன்" என்பது. எது உண்மை என்று வெட்டுக்காரிக்குத் தெரியாது. மூன்றும் இப்போது எங்கேயும் இல்லை.

நாள்தோறும் ஒரு மணி நேரப் பேச்சைக் காதில் வாங்கி வாங்கி, அந்த வீட்டின் செய்தியெல்லாம் அவளுக்கு அத்துப்படி ஆயிற்று. தொலைவில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகள், ஞாயிறுதோறும் அழைத்துப் பேசுவாள். அந்தப் பேச்சில் மட்டும் அக்கா கேட்கிறவர். "அவகிட்ட என் பாச்சா பலிக்காது. என்னைப் பெத்தவ மாதிரிப் பேசுவா." முட்டி வலி; மூன்றாம் மாடிக்காரர் அலுவலகம் போகாமலேயே மனைவிக்குப் பயந்து சட்டைக்கு இஸ்திரி போடக் கொடுப்பது; காலரின் உட்புறத்தைப் பார்த்தால் அந்த வீட்டில் சண்டையா சமாதானமா என்று சொல்லிவிடலாம் என்பது. எல்லாவற்றையும் அவள் கேட்டாள், எல்லாவற்றையும் வெட்டினாள், பதிவை ஏற்றியதும் மூலத்தை அழித்தாள். இடம் பற்றாது. மாமாவிடம் இரண்டு நினைவு அட்டைகள் இருந்தன: ஒன்று கைபேசியில், மற்றொன்று அவளிடம். காலையில் வந்து அட்டையை மாற்றிக்கொண்டு போவார். வந்த அட்டை வெறுமையாகத்தான் திரும்பிப் போகும்.

ஒருநாள் அக்கா, ஒரு தலையணை உறையின் நடுவில் பெட்டியை நிறுத்தி, நேராக அவளிடமே பேசினார்.

"தங்கச்சி, நீ கேக்கறன்னு எனக்குத் தெரியும். இத்தனை ஆயிரம் பேர்ல நான் பேசறதக் கேக்கற ஒரே ஆளு நீதான். வெட்டு, வேண்டாங்கல. கேட்டுட்டு வெட்டு."

வெட்டுக்காரி அன்று மாலையே இஸ்திரி அறைக்குப் போனாள். "மூணாவது மாடிக்காரர் என்னக்கா ஆனார்?" என்று கேட்டாள். அக்காவின் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா," என்று கணவரிடம் சொன்னார். "காசு குடுக்காத மெம்பர். ஆனா உங்க ஆயிரம் பேருக்கு இவ ஒருத்தி சரி."

இப்படி ஒன்றரை ஆண்டு போயிற்று. அக்கா கேள்வியைப் பதிவில் கேட்பார். வெட்டுக்காரி விடையை நேரில் சொல்வாள். மாமாவுக்கு அது பாதிதான் புரியும்.

பிறகு வெட்டுக்காரி, விழாப் படக் கடையை விட்டுவிட்டாள். சமையல் காட்டுகிறவர், காரைக் கழுவிக் காட்டுகிறவர், கடிகாரம் பழுது பார்க்கிறவர், பொம்மைப் பெட்டிகளைப் பிரித்துக் காட்டுகிறவர் என நால்வருக்கும் வெட்டித் தரலானாள். நாற்காலி தேய்ந்தது. ஒலி திரையில் ஒரு கோடாக ஓடும். நீராவி அடர்ந்த புல்லைப் போலத் தெரியும். துணி திரும்புவது சிறு மேடு. பேச்சு மட்டும் பல்வரிசை போல எழுந்து நிற்கும். கேட்காமலேயே, பார்த்தே வெட்டலாம் என்று ஆனது. அடுத்த ஆண்டு, பேச்சைத் தானே கண்டறிந்து வெட்டும் வசதி ஒன்று வந்தது. ஒரு பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தால் வேலை முடிந்திருக்கும். அக்காவின் பதிவுக்கு அது மிக நன்றாகப் பொருந்தியது. அவள் வருந்தவில்லை. வருந்துவதற்கு அது ஒரு முடிவாக இருந்திருக்க வேண்டும். அவள் எந்த முடிவும் எடுக்கவில்லை.

ஒருமுறை, துணியை வாங்கப் போயிருந்தபோது, அக்கா கேட்டார்: "சரி, நேத்து நான் உன்கிட்ட என்ன சொன்னேன், சொல்லு பாப்போம்?"

"நேத்தா? நிறைய சொன்னீங்களேக்கா."

"நிறையத்தான் சொல்வேன். அதுல ஒண்ணு சொல்லேன்."

"முட்டி வலி..."

அக்கா அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டார். "ஆமா, முட்டி வலிதான்" என்று சொல்லிச் சிரித்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. நேற்றைய பதிவில் முட்டியைப் பற்றி ஏதேனும் இருந்ததா என்று வெட்டுக்காரி வீட்டுக்கு வந்து பார்க்க நினைத்தாள். மூலம் அழிந்திருந்தது.

அந்தக் கோடையில் ஒருநாள், காலைப் பதிவுக்கு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அக்கா மேசையைப் பிடித்தவாறே கீழே உட்கார்ந்தார். மாமா அப்போதுதான் அட்டையை மாற்றிக்கொண்டு திரும்பியிருந்தார். தண்ணீர் கொடுத்தார். குடித்தார். எழவில்லை. மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தார், மூக்கிலும் வாயிலும் குழாய்களோடு. பேசவில்லை. பேச்சில்லாத அக்காவை வெட்டுக்காரி முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். இதயம் பல மாதங்களாகவே தளர்ந்து வந்திருக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று எவரிடமும் சொல்லவில்லையா என்று மருத்துவர் கேட்டார். மாமா இல்லை என்று தலையசைத்தார். மகள் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

வெட்டுக்காரி எல்லாம் செய்தாள். படிவங்களை நிரப்பினாள்; மகளுக்கு வண்டி ஏற்பாடு செய்தாள்; வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தாள். வீட்டுக்குப் போய், கடிகாரக்காரருக்குத் தர வேண்டிய பதிவை வெட்டி முடித்தாள். கை ஓடியது. அழுகை வரும் என்று காத்திருந்தாள்; வரவில்லை; வேறு வேலை வந்தது.

முன்கூட்டியே நாள் குறித்து வைத்திருந்த ஒன்பது பதிவுகள் தாமாகவே வெளிவந்துகொண்டிருந்தன. இறந்தவரின் கைகள் கைக்குட்டைகளை நான்காக மடித்தன. இன்றைய அமைதி அற்புதம் என்று ஒருவர் எழுதினார். மாமா நிறுத்தச் சொல்லவில்லை. மகள் ஊருக்குத் திரும்பும் நாளில் மட்டும், "அப்பா, இதுல அம்மா எங்கயும் பேசவே இல்லையே. அம்மாவா இது?" என்று கேட்டாளாம். அதற்கு விடை சொல்ல இயலாமல்தான், பதினேழாம் நாள் அவர் வாசலில் வந்து நின்றார்.

"உள்ள வாங்க மாமா."

வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"போன்ல இல்லையா மாமா?"

"அவ எங்க வாய்ஸ் மெசேஜ் போட்டா? கூப்பிட்டுத்தான் பேசுவா. பேசினது போயிடுச்சு. உன்கிட்ட மூணு வருஷம் இருக்குமே. வெட்டினதெல்லாம் எங்க வெச்சிருக்கே?"

"வெட்டினத வைக்க மாட்டோம் மாமா."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

அவர் தலையசைத்தார். கோபப்படவில்லை. அவரும் நாள்தோறும் வெற்று அட்டையை வாங்கிக்கொண்டு போனவர்தான். "நான்தானே வெட்டச் சொன்னேன்" என்றார், கணினி மேசையைப் பார்த்து. பிறகு போவதற்காக எழுந்தார்.

வெட்டுக்காரி பேனாக்கள் வைத்திருந்த குவளையைக் கவிழ்த்தாள். அதன் அடியில், அக்கா உட்கார்ந்த அன்று காலை மாமா கொடுத்துவிட்டுப் போன அட்டை கிடந்தது. அதற்கு முந்தைய நாள் பதிவு. மருத்துவமனைக்கு ஓடும்போது குவளைக்குள் போட்டது. அது அங்கே இருப்பது இத்தனை நாள்களாக அவளுக்குத் தெரியும். நாள்தோறும் அந்தக் குவளையிலிருந்து பேனா எடுத்திருக்கிறாள்.

"ஒண்ணு இருக்கு மாமா. இன்னும் போடல."

"பேசறாளா அதுல?"

"தெரியாது."

அட்டையைச் செருகினாள். திரையில் கோடு விரிந்தது. ஐம்பத்தொரு நிமிடம். வழக்கமாகக் கோட்டின் நீளம் முழுவதும் பல்வரிசை நிற்கும். இதில் புல்தான் நீண்டு கிடந்தது. தொடக்கத்தில் சில மேடுகள். பிறகு நெடுந்தூரம் ஒன்றுமில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரே ஓர் இடத்தில் பல்வரிசை. இத்தனை குறைவாக அக்கா பேசி அவள் பார்த்ததில்லை. இப்படி எத்தனை நாள் குறைந்து வந்தது என்று அந்தப் பொத்தானுக்குத்தான் தெரியும்.

"ஸ்பீக்கர்ல போடறேன்."

"இரும்மா." மாமா நிமிர்ந்து பார்த்தார். "அந்த ஃபேன நிறுத்திடு. சரியாக் கேக்கணும்."

அவள் எழுந்துபோய் நிறுத்தினாள். இறக்கைகள் மெல்ல ஓய்ந்தன. அறை உடனே வெதும்பத் தொடங்கியது.

முதலில் நீராவி. பிறகு அக்கா: "இந்த ஓட்டல்காரன் தலையணை உறையெல்லாம் எண்ணெய். தலைக்கு வெக்கறானா, வடிகட்டறானா?" மாமாவின் தோள்கள் குலுங்கின, சிரிப்பா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு சீட்டு வைக்கும் ஓசை. "வந்துட்டான் மூக்குச் சளி." பிறகு பேச்சில்லை. துணி, நீராவி, துணி. இடையிடையே மூச்சு. வெட்டுக்காரி அந்த மூச்சையும் பழக்கத்தால் கண்ணால் குறித்துக்கொண்டாள்: வெட்ட வேண்டியது. நகர்த்திவிட்டுக் கடைசிக்குப் போகலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்று மாமா கைகாட்டினார். நாற்பது நிமிடம் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். வியர்வை முதுகில் இறங்கியது. எவரும் துடைக்கவில்லை.

கோடு பல்வரிசையை நெருங்கியது. பெட்டியை நிமிர்த்தி வைக்கும் ஓசை கேட்டது. அக்காவின் குரல் தாழ்ந்து, கைபேசிக்கு மிக அருகில் வந்தது. மாமா அப்போது வாசல் பக்கம் போயிருக்க வேண்டும்.

"தங்கச்சி. நாலு நாளாச் சொல்லிட்டிருக்கேன். நீ கேக்கலையா, இல்ல கேட்டுட்டு மறந்துட்டியா, தெரியல. பெருசா ஒண்ணும் இல்ல. இந்த ஃபேன்தான். ஒண்ணுல வெச்சாக்கூடப் போதும், சத்தமே வராது. நான் சொன்னா அவர் கேக்க மாட்டார், ரெக்கார்டிங் கெட்டுப்போயிடும்பார். நீ சொன்னா கேப்பார். மாமாகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லேன்."